மலைமேல் வைத்த வெற்றிலை

எங்கள் வகையறாவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமானால் தாய்மாமன் வெற்றிலை வைக்க வேண்டும். பெற்றவர்கள் சம்மதித்தது போதாது, பெண் தலையாட்டியதும் போதாது. மாமன்காரன் தோள் துண்டை எடுத்து விரித்து, வெற்றிலை பாக்கை அதன்மேல் வைத்து, "என் உரிமைய வுட்டுக் குடுத்தன், எடுத்துக்குங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தொடுவார்கள். முகூர்த்தத்தன்று பெண்ணின் கையைப் பிடித்து மணையில் உட்காரவைப்பதும் அவன்தான். மாமன் செத்திருந்தால் பங்காளி ஒருவன் அந்த இடத்தில் நிற்பான். மாமன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. நல்லமுத்துவுக்குத்தான் அது நடந்தது.

நல்லமுத்து என் சித்தப்பா மகன். அவனும் அவன் அக்கா மாரியம்மாளும் அந்த வீட்டுக்கு இரண்டே பிள்ளைகள். மாரியம்மாள் புருஷன் தங்கராசு மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது பெரியவள் துர்கா அப்போதுதான் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சின்னவள் தமிழினிக்குப் பல் முளைக்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டுச் சுமையில் தோள் கொடுத்தவன்தான், பெண்கள் தலையெடுக்கும்வரை நல்லமுத்து தோளை எடுக்கவில்லை. அவனுக்கு விருத்தாசலத்திலேயே ஒரு பீங்கான் பட்டறையில் சூளை பார்க்கிற வேலை. இராத்திரி ஷிப்டு முடிந்து கண் சிவக்க வருவான். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சைக்கிளில் வைத்து ஸ்கூலில் இறக்கிவிட்டு வந்துதான் படுப்பான்.

அதே பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிற பாஞ்சாலையை அவன் கட்டிக்கொண்டான். பாஞ்சாலை வேறு ஆளுங்க. எந்த ஆளுங்க என்று எழுத எனக்கு மனமில்லை. எங்கள் தெருவில் அவளுக்கென்று தனி டம்ளர் எடுத்துவைத்த வீடுகள் இருந்தன என்றால் புரிந்துகொள்வீர்கள். மாரியம்மாள் அப்போது ஒன்றும் பேசவில்லை. எப்படிப் பேசுவாள்? தம்பி சம்பளத்தில் அடுப்பு எரிகிறது. தம்பி பெண்டாட்டி வந்து பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டுப் போகிறாள். போகப் போக அவளே வாய் நிறைய "எங்கூட்டுப் பாஞ்சாலை" என்று சொல்லத் தொடங்கினாள். நல்லமுத்துவுக்கும் பாஞ்சாலைக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அக்கா பெண்களையே தங்கள் பெண்களாக வைத்துக்கொண்டார்கள்.

துர்கா கல்யாணத்தில் நல்லமுத்து முறைப்படி வெற்றிலை வைத்தான். மாப்பிள்ளை பிரபாகரன் கம்ப்யூட்டர் படித்த பையன், கடலூர்ப் பக்கத்தான். அவர்கள் வீட்டில் யாரும் எதையும் துருவிக் கேட்கவில்லை. துர்காவை மணையில் உட்காரவைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தவன் என் பக்கத்து நாற்காலியில் விழுந்தான்.

"யக்கா, ஒண்ணு ஆச்சு. சின்னக் குட்டியையும் இப்படி ஏத்தி வுட்டுட்டன்னா போதும். நான் பொறந்ததுக்கு அதான் கணக்கு."

பட்டறையில் ஆளெடுத்த காலம் போய் ஆளைக் குறைக்கிற காலம் வந்தபோதும் அவன் அதையேதான் சொன்னான். தமிழினி கல்யாணம். அந்த ஒன்றைத் தவிர அவன் வேறெதற்கும் காத்திருந்ததாக எனக்குத் தெரியாது.

பிரபாகரனும் துர்காவும் சுவிட்சர்லாந்தில் இருக்கிறார்கள். போன ஆனி மாதம் பிரபாகரன் போனில் கூப்பிட்டான். நான் அப்போது நல்லமுத்து வீட்டில்தான் இருந்தேன். போனில் முகம் தெரிந்தது.

"மாமா, துர்காவும் புள்ளைங்களும் லீவுக்கு ஊருக்கு வராங்க. எனக்கு இங்க தனியா இருக்க முடியல. நீங்க கெளம்பி வாங்க. ஆல்ப்ஸ் மலையில நடந்து போவலாம்."

"மலையா? எனக்குத் தெரிஞ்ச மலை நம்மூரு பழமலைதான் மாப்ள. அதுவும் மண்ணுக்குள்ள பொதைஞ்சு கெடக்குதுன்றாங்க."

"சிரமமே இல்ல மாமா. காலையில டிபன் சாப்புட்டு நடக்க வேண்டியது. சாயந்தரம் மலைமேலயே ஒரு வூடு வரும், மரத்துல கட்டினது. சுடுதண்ணி, மெத்த, சாப்பாடு எல்லாம் தயாரா இருக்கும். மறுநாள் அங்கேருந்து அடுத்த வூடு. பெட்டியக்கூட நாம தூக்க வேணாம், அவங்களே சாமான் ஏத்தற கம்பி வண்டியில கொண்டாந்து சேத்துடுவாங்க. நீங்க கைய வீசிக்கிட்டு வந்தாப் போதும்."

பாஞ்சாலை முறத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "போய்யா. சினிமாக்காரன்லாம் பனியில நின்னு டூயட்டு பாடறான். நீயும் ஒண்ணு பாடிட்டு வா."

"ஜோடி இல்லாம எப்படிடி பாடறது?"

"அங்க எவளாவது மாடு மேய்ச்சிக்கிட்டு நிப்பா. அவளச் சேத்துக்க."

பாஞ்சாலையையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று நல்லமுத்து கேட்டான். "அத்தைக்கு முட்டி வலியாச்சே மாமா, மேடு ஏறணுமே" என்றான் பிரபாகரன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன்னால் பெண்ணாடத்தில் நடந்த பேச்சு நல்லமுத்துவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் பங்காளி தேவநாதன் சொல்லித்தான் தெரியும். பெண்ணாடத்துச் சாமிதுரை கரும்புக்காரர், டிராக்டரும் நிலமுமாக வசதியானவர். அவர் மகனுக்குத் தமிழினியைக் கேட்டார்கள். எல்லாம் பிடித்துப்போயிற்று. கடைசியில் சாமிதுரை ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்.

"பொண்ணுக்கு மாமன் சம்சாரம் நம்ம ஆளுங்க இல்லேன்னு கேள்விப்பட்டன். அந்தாளு மேடை ஏறினா எங்க பக்கம் ஒருத்தரும் ஏற மாட்டாங்க. பாத்துச் செய்யுங்க."

மாரியம்மாள் பார்த்துத்தான் செய்தாள்.

நேராகத் தம்பியிடம் சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். குதித்திருப்பான். பெண்ணாடத்துக்கே போய்ச் சண்டை போட்டிருப்பான். கல்யாணம் நின்றும் போயிருக்கும். இல்லாவிட்டால், தமிழினி அழுதால், மனசு இறங்கி, "சரி, நான் ஓரமா நின்னுக்கறன்" என்றிருப்பான். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

ஆடி மாதக் கடைசியில் அவன் கிளம்பினான். ஆடியில் யாராவது கல்யாணப் பேச்சு எடுப்பார்களா? எடுக்க மாட்டார்கள் என்பதால் அவனுக்கு ஒரு சந்தேகமும் தட்டவில்லை. தமிழினியே கடலூருக்குப் போய் மலையில் நடக்கிற ஷூ வாங்கிக்கொண்டு வந்தாள். குரங்குக் குல்லா, கம்பளிச் சட்டை, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் அவள் கையால்தான் பெட்டிக்குள் போயின. "மாமா, மாத்திர போட மறக்காத. தெனம் போட்டோ அனுப்பு" என்று ரயிலடியில் நின்று கை காட்டினாள்.

அந்த மலையைப் பற்றி அவன் சொல்லிக் கேட்டால் அழகாக இருக்கும். இப்போது சொல்வதில்லை, வந்த புதிதில் கோபத்திலேயும் இரண்டொன்று சொல்லியிருக்கிறான்.

பாதை நெடுக மஞ்சள் பலகை, இன்ன இடத்துக்கு இவ்வளவு நேரம் நடக்கணும் என்று. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து வைத்திருக்கிறார்கள், வழி தப்பாமல் இருக்க. மாடுகள் கழுத்தில் நம் கோயில் மணி அளவுக்கு மணி. பெரிய அணில் மாதிரி ஒரு பிராணி வளையை விட்டு எழுந்து நின்று விசில் அடிக்குமாம். "போலீஸ்காரன்னு நெனச்சு நின்னுட்டன்" என்று சிரித்தான்.

முதல் வீட்டு வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்லி, உள்ளே போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு கொடுத்தார்கள். "நம்ம ஊருல வெளிய செருப்பு, உள்ள வெறுங்காலு. இவங்க உள்ளுக்கும் ஒரு செருப்பு வெச்சிருக்காங்க மாப்ள" என்றானாம். நீளமான மேசை, எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். முதலில் சூப், அப்புறம்தான் சாப்பாடு. சூப்பைக் குடித்து முடித்ததும் இவன் பழக்கதோஷத்தில் பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து அடியில் முத்திரை பார்த்தான். பரிமாறிய பெண் இன்னும் பசி போல என்று மறுபடி ஊற்றிவிட்டுப் போனாள்.

பிரபாகரன் அவனை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினான். மேட்டில் கை கொடுத்தான். நின்ற இடத்தில் எல்லாம் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினான். ஜன்னலோரக் கட்டிலை மாமனுக்கு விட்டான். கால் வலிக்கும் என்று இராத்திரி தைலம் தேய்த்துவிட்டான். "என் சொந்தப் புள்ள இருந்தாக்கூட இப்படிச் செய்யுமா?" என்று நல்லமுத்து பாஞ்சாலைக்குப் போன் பண்ணிச் சொன்னான்.

இரண்டாம் நாள் வீட்டில், வெயில் இறங்குகிற நேரத்தில், பிரபாகரன் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். ஈரத் துணியில் சுற்றிய வெற்றிலையும் பாக்கும். அந்த ஊரில் சிலோன் தமிழர்கள் கடை வைத்திருக்கிறார்களாம்; அங்கே கிடைக்குமாம்.

"என்னா மாப்ள, வெத்தல போடற பழக்கம் எப்பருந்து?"

"போட இல்ல மாமா. தமிழினிக்கு எடம் பாக்கறாங்க. ரெண்டு மூணு பேரு கேக்கறாங்களாம். மாமனுக்குச் சம்மதமான்னுதான் எல்லாரும் மொதல்ல கேக்கறாங்களாம். நீங்க வெத்தல வெச்சு ஒரு வார்த்த சொல்லுங்க, வீடியோ எடுத்து அனுப்பறன். மாரியம்மா அத்தைக்குத் தெம்பா இருக்கும்."

"எந்த ஊருக்காரங்க?"

"இன்னும் முடிவாவல மாமா. எப்படியும் கல்யாணம் தையிலதான். நீங்க இல்லாம நடந்துடுமா?"

மாப்பிள்ளை வீடு எது என்று தெரியாமல் வெற்றிலையைக் கையால் தொடக்கூடாது. எங்கள் வகையறாவில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். வைத்த வெற்றிலையைத் திருப்பி எடுக்கிற வழக்கமே கிடையாது, வைத்துவிட்டால் வைத்ததுதான். நல்லமுத்துவுக்கும் தெரியும். ஆனால் கேட்டவன் யார்? முந்தின இரவு தன் காலைத் தேய்த்துவிட்டவன். அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. அவனிடம் போய், இல்லை, ஊர் பேர் தெரிந்தால்தான் வைப்பேன் என்று எப்படி முறைப்பு காட்டுவது? அங்கேதான் அவன் சறுக்கினான். அத்தனை பாறையில் சறுக்காதவன்.

முகம் கழுவினான். பேண்ட்டை மாற்றி வேட்டி கட்டினான். கிழக்கு எது என்று கேட்டான். பிரபாகரன் போனில் பார்த்துச் சொன்னான். மேசைமேல் துண்டை விரித்து வெற்றிலை பாக்கை வைத்தான். சாப்பாட்டுக்குக் காத்திருந்த வெள்ளைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எங்க அக்கா மவ தமிழினிய எங்க குடுத்தாலும் எனக்கு மனசு நெறஞ்ச சம்மதம். என் உரிமைய வுட்டுக் குடுத்தன், எடுத்துக்குங்க. நல்லா இரு குட்டி."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுத் துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதுவும் வீடியோவில் விழுந்தது. அந்த மேசைக்காரர்கள் என்ன என்று தெரியாமலே கை தட்டினார்கள்.

மூன்றாம் நாள் மலையில் அவன் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தானாம்.

அதற்கு மறுநாள் ஆவணி முகூர்த்தம். நான் அங்கே இருந்தேன். முதல் நாள் சாயங்காலம்தான் மாரியம்மாள் வந்து, "யக்கா, அவசரமா கூடி வந்துடுச்சு, காலையில பெண்ணாடத்துல கண்ணாலம், விடியறதுக்குள்ள பஸ்ஸு" என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பி எங்கே என்று கேட்டதற்கு, "அவனுக்கு டிக்கட்டு கெடைக்கல" என்றாள். பாஞ்சாலை வீட்டுக்கு அவள் போகவில்லை. பஸ்ஸில் பாஞ்சாலை இல்லை என்று கவனித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை. தட்டு மாற்றுகிற நேரத்தில் மைக்கில் சொன்னார்கள்: "பொண்ணோட தாய்மாமன் சுவிட்சர்லாந்துல சுற்றுலாவுல இருக்காரு. வர முடியாத காரணத்தால அங்கேருந்தே வெற்றிலை வெச்சு ஆசீர்வாதம் பண்ணியிருக்காரு." திரையில் நல்லமுத்து வந்தான். குரங்குக் குல்லாவைக் கழற்ற மறந்திருக்கிறான். வேட்டியும் குல்லாவுமாக, பின்னால் ஜன்னலில் பனி மலை. மண்டபம் பூராவும் சிரிப்பு. எனக்குப் பின் வரிசையில் ஒருத்தி சொன்னாள்: "தூக்கி வளத்தன் வளத்தன்னு சொல்லுவான். கண்ணாலத்த வுட இவனுக்கு ஊரு சுத்தறது பெருசாப் போச்சு பாரு." இன்னொருத்தி: "காசு வந்தா மாமனாவது மச்சானாவது." தேவநாதன் எழுந்து போய்த் தமிழினியின் கையைப் பிடித்து மணையில் உட்காரவைத்தான். தமிழினி தலை நிமிரவில்லை. மணப்பெண் நிமிரக்கூடாது என்பதால் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

சீர் பாத்திரம் எடுத்த கடைக்காரர் சம்சுதீனும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். நல்லமுத்துவும் அவரும் சின்ன வயதிலிருந்தே மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். அவருக்குக் கோபம் தாங்கவில்லை. மேடையைப் போட்டோ எடுத்தார், வாயாலும் நாலு வார்த்தை பேசி அனுப்பிவிட்டார்.

அங்கே அப்போது இருட்டு. காலையில் அந்த மலை வீட்டில் ரொட்டியும் தேனுமாக டிபன் வைத்திருந்தார்கள். நல்லமுத்து போனைத் திறந்தான். சம்சுதீன் குரல் மேசை முழுக்கக் கேட்டது.

"ஏன் மச்சான், இதெல்லாம் ஒரு பொழப்பா? பெத்த புள்ளையாட்டம் வளத்த. அதோட நிக்காஹ்ல நிக்காம மலையில என்னா புடுங்கிக்கிட்டு இருக்க? டிவி பொட்டியில வந்து வெத்தல வெக்கிறியே, வெக்கமா இல்ல? உன்னைப் பாத்து ஊரே சிரிக்குது."

அதன்கீழே போட்டோ. மணையில் தமிழினி. பக்கத்தில் தேவநாதன்.

நல்லமுத்து கத்தவில்லையாம். போனை மேசைமேல் வைத்து, தேன் கிண்ணத்தைத் தாண்டிப் பிரபாகரன் பக்கம் தள்ளினான்.

"மாப்ள, தைன்னியே?"

பிரபாகரன் போனைக் கவிழ்த்து வைத்தான். "மாரியம்மா அத்தை சொன்னாங்க மாமா. மாப்ள வீட்டுல உங்க... பாஞ்சாலை அத்தைய வெச்சு ஒரு பேச்சு வந்துடுச்சு. நல்ல எடம். வுட மனசில்ல. உங்களுக்கு ஒரு கொறையும் வராம பாத்துக்கணும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. துர்கா அழுதுக்கிட்டேதான் டிக்கட்டு போட்டா."

"குட்டிக்குத் தெரியுமா?"

பிரபாகரன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்கறன் இல்ல? ஷூ வாங்கியாந்துதே, அதுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

அதுவரை தாங்கியவன் அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். போய் என்ன செய்வான்? நம் ஊராக இருந்தால் கோபத்தில் பஸ் ஏறிவிடலாம். அங்கே நாலு பக்கமும் மலை. பாஷை தெரியாது. பஸ் நிற்கிற இடத்துக்கு இன்னும் ஒன்றரை நாள் நடக்க வேண்டும், நடுவில் இன்னொரு வீட்டில் படுக்க வேண்டும். துரோகம் பண்ணினவன் பின்னாலேயே, அவன் காட்டுகிற வழியிலேயே நடக்க வேண்டியிருந்தது. கை கொடுக்க வந்தான், இவன் வாங்கவில்லை. டீ ஊற்றினான், குடிக்கவில்லை. அடுத்த வீட்டில் பெட்டி வழக்கம்போல இவனுக்கு முன்னால் வந்து காத்துக்கொண்டிருந்தது. மெத்தை விரித்திருந்தது. சுடுதண்ணி இருந்தது. சாப்பிடப் போகாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். உடம்பு சரியில்லையாக்கும் என்று அந்த வீட்டம்மா சூப்பைக் கட்டிலுக்கே கொண்டுவந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "அந்தம்மா என்னா பாவம் பண்ணுச்சு" என்று எழுந்து குடித்தானாம். குடிக்கும்போதுதான் அழுகை வந்ததாம்.

ஊருக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனான். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "வாங்க சுவிஸ் மாமா" என்று ஒருவன் கேலி பண்ணினான். மாரியம்மாள் அழுவாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப என்னாத்துக்குடா கத்தற? உன்ன நரகத்துக்கா அனுப்பினன்? சொர்க்கத்துக்குத்தான அனுப்பினன். எவன் போயிருக்கான் இந்தத் தெருவுல? மெத்தையில படுத்து, வேளாவேளைக்குத் துன்னுட்டுதான வந்த? நீ வரமாட்டன்னுட்ட, நாங்க என்னா பண்றது, முகூர்த்தத்தத் தள்ளிப் போடவா?"

கடைசி வாக்கியத்தை அவள் தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னாள். நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாய்! நல்லமுத்து அவளை வெறித்துப் பார்த்தான். ஏமாற்றியதைக்கூட அவன் ஒருவேளை தாங்கியிருப்பான். இந்த வார்த்தைதான் அவனைச் சாய்த்தது. என்ன பதில் சொன்னாலும் திரையில் எல்லாரும் பார்த்தாயிற்று. வெற்றிலை வைத்தது அவன் கைதானே?

அப்புறம் அவன் தெருவில் யாரிடமும் பேசவில்லை. பட்டறைக்குப் போவான், வருவான். சம்சுதீன் வந்து, "மன்னிச்சுக்க மச்சான், தெரியாமப் பேசிட்டன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பாஞ்சாலைதான் ஒரு நாள் சொன்னாள்.

"கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுவோம்யா."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் எங்களுக்கு ஒரு கோர்ட்டு. மனுசரிடம் நியாயம் கிடைக்காதவர்கள், இன்னார் எனக்கு இன்னது செய்தார் என்று காகிதத்தில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். அப்புறம் சாமி பாடு. பிராது கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பேருக்கு ஜுரம் வந்துவிடும். போகிறோம் என்பதைப் பாஞ்சாலை முதல் நாளே தண்ணிக் குழாயடியில் நின்று நாலு பேருக்குச் சொன்னாள். கேட்க வேண்டியவள் காதுக்குப் போகட்டும் என்றுதான்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் மொபெட்டில் போனார்கள். அங்கே பிராது எழுதுகிற இடத்தில் இருந்தவர் கேட்டார்.

"எங்க நடந்த சம்பவம்?"

"சுவிட்சர்லாந்து."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "தூரத்தப் பாத்துத்தான் படிப்பணம் போடணும், சாமி போயி வர்ற செலவு. அவ்ளோ தூரத்துக்கு நான் இதுவரைக்கும் போட்டதில்லையே."

"எதிராளி உள்ளூருதாங்க. உள்ளூருன்னே போடுங்க" என்றாள் பாஞ்சாலை.

அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாரியம்மாள் இறங்கி ஓடிவந்தாள். உள்ளே தமிழினி உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் மஞ்சள் மாறாத தாலி. அவள் இறங்கவில்லை.

"டேய், கட்டிப்புடாதடா. புள்ள இப்பத்தான்டா வாழப் போயிருக்குது. சாமி சோதிச்சுதுன்னா அது தாங்காதுடா."

நல்லமுத்து காகிதத்தை மடித்தான்.

"யக்கா, நான் வரமாட்டன்னு சொன்னனா?"

மாரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் வரமாட்டன்னு சொன்னனா? சாமி முன்னால நிக்கற. சொல்லு."

"இல்லடா."

"அத உன் சம்பந்திகிட்ட சொல்லு. அங்க முடியலன்னா நம்ம தெருவுல சொல்லு. எந்தம்பிய நாந்தான் அனுப்பி வெச்சன், அவன் வரமாட்டன்னு சொல்லலன்னு ஒரு வார்த்த. இந்தக் காயிதத்த இங்கியே கிழிச்சுப் போட்டுடறன்."

மாரியம்மாள் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். தமிழினியும் அவளைப் பார்த்தாள். தெருவில் சொன்னது பெண்ணாடத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

"அது மட்டும் என்னால ஆவாதுடா" என்றாள் மாரியம்மாள்.

"அப்ப கட்டறன்."

பிராது இடத்தில் இருந்தவர் காகிதத்தை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். அதில் யார் பெயரையும் குற்றமாக எழுதியிருக்கவில்லை. 'கொளஞ்சியப்பா, எங்க அக்கா மகள் தமிழினி கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இப்படிக்கு நல்லமுத்து.' அவ்வளவுதான்.

"என்ன வேணும்னு போடலியே" என்றார் அவர் மெதுவாக. "தண்டன கேக்கணும், இல்ல எதுனா திரும்பி வரணும்னு கேக்கணும்."

"ஒண்ணும் வேணாங்க. சாமிக்குத் தெரிஞ்சாப் போதும்."

பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள். விபூதியோடு சுருட்டி, நூல் சுற்றி, வேலில் கட்டினான். மாரியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அந்தச் சுருளையே பார்த்தாள். அத்தனை சுருளுக்கு நடுவில் அது எது என்று அடையாளம் தெரியாமல் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து அவன் மொபெட்டை உதைத்தான். அவள் பின்னாலேயே வந்தாள்.

"என்னடா எழுதின? புள்ள பேர எழுதினியா?"

அவன் வண்டியைத் திருப்பினான்.

"எம்பேர எழுதியிருந்தாப் பரவால்லடா. அது பேர எழுதினியா?"

பின்னால் ஏறி உட்கார்ந்த பாஞ்சாலைக்கே மனசு இளகிவிட்டது. அவன் முதுகில் தட்டி, "சொல்லித் தொலையேன்யா. அது மூஞ்சப் பாரு" என்றாள்.

"பயந்துக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றான் நல்லமுத்து.

ஆட்டோவைத் தாண்டிப் போகும்போது தமிழினி, "மாமா" என்று கூப்பிட்டாளாம். கூப்பிட்டது பாஞ்சாலைக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். வண்டி தார் ரோட்டில் ஏறும்வரை மாரியம்மாள் செருப்பில்லாத காலோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

"என்ன எழுதினன்னு மட்டும் சொல்லிட்டுப் போடா!"